மான் றூபன் காப்பாற்றிய சத்தியம்

லண்டன் ஹரோவில் போய் றூபன் என்று விசாரித்தால் ஆளுக்கொரு றூபனைக் காட்டுவார்கள். மான் றூபன் என்று கேட்டால் குழப்பமே வராது. வார நாட்களில் இறைச்சிக் கடையில் வெள்ளை அங்கியோடு நிற்கிற, முன்தலை வெளித்த, ஐம்பதைத் தாண்டிய மன்னார்க்காரர்தான் அவர். சனிக்கிழமை விடிய மெட்ரோபாலிட்டன் லைன் ரயில் முடிகிற இடத்துக்கும் அப்பால், கோதுமை வயல்களுக்கு நடுவே போய் மான் சுடுகிற ஒரே தமிழர் என்று ஊர் அவரைச் சொல்லும். ஒரே ஆள்தானா என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனாலும் அப்படிச் சொல்வதில் எல்லோருக்கும் ஒரு பெருமை.

விம்பிள்டனிலிருந்தும் லூயிஷாமிலிருந்தும் கடைக்கு போன் வரும். "றூபன் அண்ணை, ஒரு தொடை எடுத்து வைப்பியளோ?" என்று குழைவார்கள். வெள்ளிக்கிழமை மச்சமாமிசம் தொடாதவர்கள் வியாழக்கிழமையே வந்து வாங்கிப்போய் பிரிட்ஜில் வைத்துவிட்டு, சனிக்கிழமை விடியட்டும் என்று காத்திருப்பார்கள். றூபனுக்கு இதெல்லாம் பிடிக்கும். பாராட்டுக்கு மயங்காத மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது.

வேட்டை அவருக்குக் கடை வழியாக வந்தது. அகதியாக வந்து, பத்துப் பதினைந்து வேலை மாறி, கடைசியில் இறைச்சிக் கடையில் கத்தி பிடித்தார். அந்தக் கடைக்கு மான் அனுப்புகிற பண்ணைகளுக்கு வான் ஓட்டிப் போன இடத்தில் கெயிலைக் கண்டார். கெயில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவருடைய வயதுதான் இருக்கும். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து தங்கள் நிலத்து மான்களின் பொறுப்பை அவளிடம் விட்டிருந்தார்கள். மான் பெருகினால் கோதுமைக் குருத்தும் போகும், காட்டில் முளைக்கிற இளங்கன்றும் போகும். ஓநாய் இருந்த காலத்தில் அது பார்த்துக்கொண்டது, இப்போது அந்த வேலை எங்கள் தலையில் என்பாள் கெயில். எத்தனை மான் இருக்கிறது, எத்தனை போகவேண்டும், எது போகவேண்டும், எது நிற்கவேண்டும் எல்லாம் அவள்தான் தீர்மானிப்பாள்.

அவள்தான் றூபனைப் பயிற்சிக்கு அனுப்பினாள், துவக்கு லைசென்ஸுக்கும் சாட்சி சொன்னாள். பொலிஸ்காரர் வீடு பார்க்க வந்து, சுவரோடு பூட்டிய துவக்குப் பெட்டியைச் சரிபார்த்துவிட்டுப் போன அன்று மனைவி பெர்னடெற் குசினிக்குள்ளிருந்து வெளியே வரவேயில்லை. அவர் போன பிறகுதான் வந்தாள்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே நாடு விட்டு நாடு ஓடி வந்தனாங்கள்? இப்ப நீங்களே காசு குடுத்து வாங்கி வீட்டுக்க வைச்சுப் பூட்டுறியள். உங்களுக்கென்ன விசரோ?"

"இது மானுக்கு, பெர்னடெற்."

"துவக்குக்கு அது தெரியுமோ?"

 பெட்டி சுவரிலேயே இருந்தது. காலம் போகப்போக பெர்னடெற்றும் அதன் மேல் ஒரு துணி விரித்து, பூச்சாடி ஒன்றை வைத்துவிட்டாள்.

இனி, கெயிலின் சட்டம் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். நடந்த பிழை முழுவதும் அதில்தான் தொங்குகிறது.

அந்தப் பக்கத்தில் அதிகம் பெருகுவது மண்ட்ஜாக் என்கிற குட்டை மான். ஒரு நாயின் உயரம்தான் இருக்கும். மற்ற மான்களுக்குக் குட்டி போட ஒரு பருவம் உண்டு. அந்தப் பருவத்தில் பெண்மானைச் சுடச் சட்டம் விடாது. மண்ட்ஜாக்குக்குப் பருவமே கிடையாது. வருசம் முழுக்க ஈனும். ஈன்ற கொஞ்ச நாளிலேயே மறுபடியும் சினைப்படும். ஆகவே எந்த மாதத்தில் சுட்டாலும் எங்கோ ஒரு முட்புதருக்குள் ஒரு குட்டி தாயைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம். கெயில் இதற்கு வைத்திருந்த சட்டம் கேட்கக் கல்நெஞ்சாய் இருக்கும். பெண்மான் சுடுவதென்றால் வயிறு தள்ளிய, நிறைமாதச் சினையைச் சுடு. அதன் முந்திய குட்டி வளர்ந்து தனியே மேயத் தொடங்கியிருக்கும். வயிற்றில் இருப்பது தாயோடு ஒன்றும் அறியாமல் போய்விடும். வயிறு ஒட்டிய, மெலிந்த பெண்மானை மட்டும் விட்டுவிடு. அது அண்மையில் ஈன்றதாக இருக்கும். அதைச் சுட்டால் குட்டி பசியில் கிடந்து, கத்திக் கத்திச் சாகும்.

றூபன் இதைப் பயிற்சியில் படித்தார், சோதனையில் சரியாக எழுதினார், சித்தியும் எய்தினார். ஆனால் மன்னாரில் மடுக் காட்டுப் பக்கம் பிறந்தவர். சினைமானைக் கண்டால் துவக்கைத் தாழ்த்துகிற வேட்டைக்காரர்களைப் பார்த்து வளர்ந்தவர். படித்தது தலைக்குள் போனதே தவிர நெஞ்சுக்குள் இறங்கவில்லை. அதனால் என்ன செய்தார் என்றால், ஒவ்வொரு முறையும் கிடாயாகப் பார்த்துச் சுட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினார். கெயில் இதைக் கவனிக்காமல் இல்லை. "றூபன், கிடாய் சுட்டால் தொகை குறையாது. இந்தக் குளிர்காலம் எனக்குப் பெண்மான் வேண்டும்" என்று நேரே சொல்லிவிட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் மகள் அனோஜினி தலைப்பிள்ளைக்காகத் தாய்வீடு வந்தாள். ஒன்று வயிற்றில் நின்று கலைந்த பிறகு வந்த பிள்ளை. வீடே அடிமேல் அடி வைத்து நடந்தது. அவளுடைய புருசன் றஜீவ் வேலை முடிந்து அடிக்கடி ஓடி வருவான், வந்தவுடன் "சாப்பிட்டவளோ?" என்றுதான் முதலில் கேட்பான். அவளோ எதையும் வாயில் வைப்பதில்லை. வைத்ததும் நிற்பதில்லை.

பெர்னடெற் ஒருநாள் துவக்குப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வயித்துப்பிள்ளைக்காரி இருக்கிற வீடு. பிள்ளை பிறக்கிற வரைக்கும் உதைத் தொடாதேங்கோ."

"கெயிலுக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டன். குளிர்காலத்திலதான் வேலை. இப்ப நிண்டா அவ வேற ஆளை எடுத்திடுவா."

"அப்ப ஒண்டு செய்யுங்கோ. மாதாவில கை வைச்சு எனக்குச் சத்தியம் பண்ணுங்கோ. சினைப்பட்டதைத் தொடமாட்டன் எண்டு."

றூபனுக்குச் சங்கடம் ஒன்றும் வரவில்லை. சொல்லப்போனால் நிம்மதியாகத்தான் இருந்தது. தானாகச் செய்ய நினைத்ததை ஒருத்தி சத்தியமாகக் கேட்டால் கசக்குமா? ஹோலில் மாட்டியிருந்த மடு மாதா படத்தில் கை வைத்து, "சினைப்பட்டதைத் தொடமாட்டன்" என்றார். சோபாவில் கால் நீட்டியிருந்த அனோஜினி போனிலிருந்து கண்ணை எடுத்து, "அப்பா, யூ ஆர் ஸோ ஸ்வீற்" என்று சிரித்தாள். கெயிலின் சட்டம் அந்த நேரம் அவர் நினைவுக்கு வந்ததா என்றால், வந்தது. பிறகு பார்ப்போம் என்று அதை ஒரு மூலையில் ஒதுக்கி வைத்தார். அவர் பிறகு தன்னை மன்னிக்க முடியாமல் போனது இந்த இடத்தில்தான்.

அந்தச் சனிக்கிழமை விடிய, காட்டோரத்தில் கெயில் கட்டிவைத்த பரணில் ஏறி உட்கார்ந்தார். முன்னால் பச்சையாய் முளைத்திருந்த கோதுமை, அதைத் தாண்டி முட்புதர். வெளிச்சம் வந்து கொஞ்சநேரத்தில் புதருக்குள்ளிருந்து இரண்டு பெண்மான்கள் வெளியே வந்தன. ஒன்றுக்கு வயிறு பக்கவாட்டில் பெருத்து, நடையே அசைந்தது. மற்றது மெலிந்திருந்தது.

பெருத்தது பரணுக்கு நேரே வந்து, பக்கம் காட்டி அசையாமல் நின்றது. கெயில் பக்கத்தில் இருந்திருந்தால் இதைத்தான் என்று விரல் காட்டியிருப்பாள். றூபன் துவக்கின் கண்ணாடி வழியாக அந்த வயிற்றைப் பார்த்தார். அனோஜினி ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு படியேறுவது நினைவுக்கு வந்தது. துவக்கை நகர்த்தினார். மெலிந்தது கண்ணாடிக்குள் வந்தது.

விட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். வெறுங்கையோடு போய், இன்றைக்குச் சரிவரவில்லை என்று கெயிலிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் பெண்மான் வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். வீட்டில் மகள் இரண்டு நாளாக, "அப்பாவின்ர மான் கறி எண்டா சாப்பிடுவன் போல கிடக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மனம் தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துக்கொண்டது. சின்னதாகத்தானே இருக்கிறது, இன்னும் ஈனாத இளசு, ஈன்றிருந்தால் இப்படி இருக்காது என்று தனக்குத்தானே சொன்னார். ஈன்றிருந்தால்தான் இப்படி இருக்கும் என்று படித்து எழுதிய அதே ஆள் சொன்னார், அதை அவரே நம்பவும் செய்தார். சுட்டார். அது நின்ற இடத்திலேயே விழுந்தது.

இறங்கிப் போய், குடல் எடுக்க மானை மல்லாத்தியபோது கையில் சூடாக ஏதோ வழிந்தது. இரத்தம் இல்லை. வெள்ளையாக இருந்தது. பால்.

அப்படியே முழங்காலில் இருந்துவிட்டார்.  பிறகு முட்புதரைப் பார்த்தார். அங்கே ஒரு சத்தமும் இல்லை. பசி முற்றும்வரை குட்டி சத்தம் போடாது, அசையாது. அதுவும் அவர் படித்ததுதான்.

அடுத்து செய்யவேண்டியது என்னவென்று அவருக்குத் தெரியும். கெயிலைக் கூப்பிடவேண்டும். இரண்டு பேருமாகப் புதரில் தேடி, குட்டியைக் கண்டு, அதன் கதையை அங்கேயே முடிக்கவேண்டும். கேட்க எவ்வளவு கொடுமையாக இருந்தாலும் அதுதான் அதற்குச் செய்யக்கூடிய ஒரே இரக்கம். றூபன் போனைக் கையில் எடுத்தார். இத்தனை வருசம் தன்னைப் பழக்கி எடுத்த கெயிலின் முகம் மனதில் வந்தது. ஒரு தமிழனை நம்பித் துவக்குக்குச் சாட்சி சொன்னவள். மான் றூபன் என்று கூப்பிடுகிற ஊரும் வந்தது. போனைத் திரும்பப் பைக்குள் போட்டார். மடியை வெட்டியெடுத்து, இலைகளைக் கிளறிப் புதைத்தார். அதைச் செய்யும்போது தான் ஒரு கள்ளன் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

பண்ணையின் குளிரறையில் கெயில் மானைப் பார்த்துவிட்டு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்.

"பால் இருந்ததா?"

"இல்லை. இளசு."

"நல்லது" என்று தோளில் தட்டினாள். "பாதியை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மகளுக்கு ஆகும்."

வீட்டு வாசலில் பெர்னடெற் காத்து நின்றாள். கையில் இருந்த பையைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தாள்.

"என்ன மாதிரி?"

"சினை இல்லை."

பொய்யில்லை. பெர்னடெற் நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். "எனக்குத் தெரியும், நீங்கள் சொன்னாச் சொன்னதுதான்" என்று பையை வாங்கிக்கொண்டு போய், மிளகும் பெருஞ்சீரகமும் வறுத்து, தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தாள். மாதாவுக்கு ஒரு மெழுகுதிரியும் கொளுத்தினாள்.

அன்றைக்கு அனோஜினி சாப்பிட்டாள். கனநாளைக்குப் பிறகு சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டாள். "அம்மா, இன்னும் கொஞ்சம்" என்று கேட்டபோது பெர்னடெற்றுக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பிட்டது வயிற்றிலும் நின்றது. றூபன் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, நெஞ்செரிவு என்றார். குழம்பில் மிதந்த தேங்காய்ப்பாலை அவரால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் ஞாயிறு பூசை. நற்கருணை வாங்க எல்லோரும் எழுந்து வரிசையில் போனார்கள். றூபன் இருந்த இடத்திலேயே இருந்தார். பெர்னடெற் முழங்கையால் இடித்தும் எழும்பவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தால் என்ன என்று யோசித்துப் பார்த்தார். என்னவென்று சொல்வது? மனைவிக்குக் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றினேன் சாமி என்றா? சாமியார் மன்னிப்பார், மன்னிக்கத்தானே இருக்கிறார். அந்த மன்னிப்பால் முட்புதருக்குள் கிடப்பதற்கு வயிறு நிறையுமா? ஒரு நாள் முழுக்க அது தாயைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது, நான் இங்கே சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தபோது வெட்கத்தில் உடம்பு கூசியது.

பூசை முடியுமுன் எழுந்து கார் பார்க்குக்கு வந்து கெயிலுக்கு போன் எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னார். பாலையும் சொன்னார், மடியைப் புதைத்ததையும் சொன்னார். 

"எந்தப் பரண்?" என்று மட்டும் கேட்டாள் கெயில்.

பெர்னடெற்றைத் தெரிந்தவர்களின் காரில் வரச்சொல்லிவிட்டு நேரே அங்கே போனார். தூறிக்கொண்டிருந்தது. காரின் பின்பக்கத்தில் கிடந்த பச்சை ஜக்கெற்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். முதல்நாள் அந்த மானை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தது அந்த ஜக்கெற்றோடுதான். முன்பக்கம் எல்லாம் காய்ந்த கறை. அது அந்த நேரம் அவருடைய கவனத்தில் இல்லை.

கெயில் துவக்கோடு பரணடியில் நின்றாள். இருவரும் புதரை ஒரு பக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டே வந்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. செத்திருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. செத்திருந்தால் நல்லது என்று இன்னொரு நினைப்பு வந்தது. இப்படி நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டேனே என்று றூபன் தன்னையே சபித்தார். மான் விழுந்த இடத்துக்கு வந்து, களைத்துப்போய் நிலத்தில் குந்தினார்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. மெலிந்த, கீச்சென்ற ஒரு சத்தம். புதரின் அடியிலிருந்து அது வெளியே வந்தது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. கால்கள் நடுங்கின. ஓடி ஒளியவேண்டியது ஓடவில்லை. மூக்கை நீட்டி நீட்டி மணந்துகொண்டு நேரே றூபனிடம் வந்தது. ஜக்கெற்றின் முன்பக்கத்தில் மூக்கை வைத்தது. பிறகு, கன்று மடியை முட்டுகிற மாதிரி, அந்தக் கறையை முட்டியது. மறுபடியும் முட்டியது.

றூபன் குந்தியபடியே கெயிலை நிமிர்ந்து பார்த்தார். 

"இதை நான் கொண்டுபோய் வளர்க்கலாமா?" என்று கேட்டார். பதில் அவருக்கே தெரியும். பிறநாட்டிலிருந்து வந்து பெருகிய இந்தச் சாதி மானை வளர்க்கவும் சட்டம் விடாது, திரும்பக் காட்டில் விடவும் விடாது. கெயில் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"நீங்கள் எழுந்து போங்கள், றூபன். நான் பார்க்கிறேன்."

"இல்லை" என்றார் றூபன். "நான் செய்த பிழை. நான்தான்."

அதற்குப் பிறகு நடந்ததை நீட்டிச் சொல்வதில் யாருக்கும் ஒரு புண்ணியமும் இல்லை. கெயிலின் துவக்கை வாங்கினார். குட்டியை விட்டு மெல்லப் பின்னால் நகர்ந்தார். அது அங்கேயே நின்று அவரைப் பார்த்தது. ஒரு வெடிதான்.

திரும்பி வரும்போது கெயில் பேசினாள். "சுட்டதற்கு எனக்குக் கோபம் இல்லை. எல்லோரும் பிழை விடுவோம். நேற்றே உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு இரவு முழுக்க அது பசியில் கத்தியிருக்காது. அதற்குத்தான் கோபம்." பிறகு, தான் கூப்பிடும்வரை வரவேண்டாம் என்றாள். றூபன் சரி என்றார். செய்ததற்கு இது குறைவான தண்டனை என்று அவருக்குப் பட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஹோலில் இருந்து அனோஜினி கூப்பிட்டாள். "அப்பா, கெதியா வாங்கோ! பேபி உதைக்குது. கை வைச்சுப் பாருங்கோ."

"கை கழுவிப்போட்டு வாறன், பிள்ளை."

குசினிக் குழாயைத் திறந்து கழுவத் தொடங்கினார். சவர்க்காரம் போட்டார், கழுவினார், திரும்பவும் போட்டார். பெர்னடெற் கறிச்சட்டியைச் சூடாக்க வந்தவள் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பூசையில ஏன் எழும்பேல்லை? உந்த ஜக்கெற்றோட எங்க போயிட்டு வாறியள்?"

தண்ணீர் ஓட ஓட, திரும்பிப் பார்க்காமல், அவர் எல்லாவற்றையும் சொன்னார். கெயிலின் சட்டத்தைச் சொன்னார். பெருத்த வயிற்றை விட்டதைச் சொன்னார், மெலிந்ததைச் சுட்டதைச் சொன்னார். பாலைச் சொன்னார். ஜக்கெற்றை முட்டியதைச் சொல்லும்போது சவர்க்காரத்தைத் திரும்பவும் கையில் எடுத்தார்.

பெர்னடெற் ஏசுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஏசவில்லை. வந்து குழாயை மூடினாள்.

"நான்தானே உங்களிட்டச் சத்தியம் வாங்கினனான்" என்றாள்.

"உனக்கு உது தெரியாது, பெர்னடெற். எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் கை வைச்சனான்."

அவள் அடுப்பில் இருந்த கறிச்சட்டியைப் பார்த்தாள். நேற்று மகள் இன்னும் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட கறி. மூடியை எடுத்தவள் திரும்ப மூடிவிட்டாள். "பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். பிறகு, இன்னும் மெதுவாக, "நான் மெழுகுதிரி வேற கொளுத்தினன்" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

"அப்பா! கம் ஓன், பிறகு நிண்டிடும்!"

இருவரும் ஹோலுக்குப் போனார்கள். மாதா படத்துக்கு முன்னால் நேற்றைய மெழுகுதிரியின் மிச்சம் உருகிக் கிடந்தது. றூபன் சோபாவுக்குப் பக்கத்தில் வந்து, கையை நீட்டாமல் நின்றார். அனோஜினி பொறுமை இழந்து, தானே அவருடைய கையைப் பிடித்து இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, கை குளிருது!" என்று சிரித்தாள்.

உள்ளேயிருந்து பிள்ளை அந்தக் கையை முட்டியது. மறுபடியும் முட்டியது. றூபன் கையை எடுக்கவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல், மகளுக்கு முகம் தெரியாதபடி குனிந்துகொண்டார்.